நடக்காத செவ்வாய்க்கிழமை

லியபாயாவில் மருத்துவமனைச் சலவைக்கூடம்
இரவு பத்துக்கு மூடும்.
பால்டிக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்து வந்து
பூட்ஸைக் கழற்றும் முன்பே கணினியை எழுப்புவேன்.
பதினொன்றுக்கு நான் மெர்தா.
சாம்பல்துறைப் பாலத்தில் சுங்கம் வாங்குகிறவள்.
தலைக்கு ஒரு செம்புக்காசு,
குதிரைக்கு இரண்டு.

நாலு வருஷம்.
வாள் எடுத்ததில்லை, பட்டம் கேட்டதில்லை.
மழை என்று எழுதுவேன்,
எங்கோ யாரோ நனைவார்கள்.
விளக்கை ஏற்றினேன் என்று எழுதுவேன்,
வால்மியெராவில் தூக்கம் வராத ஒருத்தி
அந்த வெளிச்சத்தில் வந்து நின்று
மீன் விலை பேசுவாள்.
விளையாட்டு என்று நான் சொல்வது
இவ்வளவைத்தான்.

தளபதி ஓர்வன் மட்டும் காசு கொடுத்ததே இல்லை.
மூன்று தடவை பாலக் காவலரை வெட்டினான்,
மூன்று தடவையும் "கதைக்குத் தேவை" என்றது நிர்வாகம்.
ஓர்வனாக ஆடுகிறவன் நௌரிஸ்.
நிர்வாகி ஐகர்ஸ்.
ரீகாவில் ஒரே வீடு, ஒரே குளிர்பெட்டி,
வாடகையில் ஆளுக்குப் பாதி.
வேலிக்கு ஓணான் சாட்சி.

அந்தச் செவ்வாய் இரவு
அவன் என்மேல் வாளை உருவினான்.
விதிப்படி பகடை.
என் கையில் இருந்தது விளக்குக் கம்பம்.
இருபது முகப் பகடையில் எனக்கு இருபது,
அவனுக்கு ஒன்று.
பாலத்தில் இருந்த பன்னிரண்டு பேரும்
ஒரு நிமிடம் எதுவும் தட்டவில்லை.
ஓர்வன் கைப்பிடிச் சுவர் தாண்டி
கறுத்த நீரில் விழுந்தான்.
செத்தவன் செத்தவன்தான்.
எங்கள் முதல் விதி அது,
உள்ளே நுழையும்போதே
படித்தேன் என்று டிக் அடிக்க வைப்பார்கள்.

விடிந்ததும் அறிவிப்பு.
சர்வர் கோளாறாம்.
திங்கள் இரவு இருந்த நிலைக்கே திரும்புகிறோம்.
செவ்வாய் நடந்த எதுவும் நடக்கவில்லை.
உங்கள் பாத்திரங்களுக்கு அது நினைவிருக்கக் கூடாது.

அந்த மீன்காரி, ஸ்கைத்ரீத்தே,
பதினோரு மாதம் சேர்த்த காசில்
அன்றைக்குத்தான் படகு வாங்கியிருந்தாள்.
படகு போனது.
காசும் ஏனோ திரும்பி வரவில்லை.
ஊமையாக ஆடும் ஒருவன் உண்டு,
நிஜப்பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது.
அன்று முதன்முதலாக வாய் திறந்து
"குளிருது" என்றான்.
ஒன்றரை வருஷம் காத்திருந்த சொல்.
அதுவும் போனது.

புகார் எழுதினேன்.
மூன்று பத்தி, மரியாதையாக, மணி நிமிடத்தோடு.
உங்கள் தொனி கவலையளிக்கிறது என்று பதில் வந்தது.
கையெழுத்து ஐகர்ஸ்.
எழுத்துப்பிழை நௌரிஸுடையது.

என் தொழிலில் ரத்தக்கறைக்குப்
பச்சைத் தண்ணீர்தான், அதுவும் உடனே.
அவசரப்பட்டு வெந்நீர் ஊற்றினால்
நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.
எத்தனை வெளுத்தாலும்
விரித்துப் பிடித்தால் ஒரு மஞ்சள் நிழல்.
இவர்கள் வெந்நீர் ஊற்றிவிட்டார்கள்.

வியாழன் இரவு ஓர்வன் பாலத்துக்கு வந்தான்.
புதுத் தொப்பி, அதில் இறகு.
மெர்தாவுக்கு ஒன்றும் நினைவில்லை.
விதி.
விளக்கை உயர்த்தி அவன் முகம் பார்த்தாள்.
"என்ன ஐயா, இப்படி நனைஞ்சிருக்கீங்க?"
என்று எழுதினேன்.
மழையே இல்லை அன்று.

அவன் பக்கத்தில் மூன்று புள்ளிகள் துள்ளின,
நின்றன,
மறுபடி துள்ளின.
பின்னால் வரிசையில் நின்ற மீன்காரி
"ஆமா, சொட்டுது" என்றாள்.
யாரோ வழுக்காமல் இருக்கப்
பலகையில் மணல் தூவினார்கள்.

ஊமை ஒன்றும் சொல்லவில்லை.
தன் கம்பளியைக் கழற்றி
ஓர்வனிடம் நீட்டினான்.